வாயில் மீன் இருந்தபோது நீ சொன்னது

ஜோயல்,

நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஊரிகத்துக்கும் நீ தங்கியிருக்கும் கே.ஆர்.புரத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேர ரயில்தான். போனை எடுத்தால் நீ இருக்கிறாய். வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்பலாம் என்றால், என் பதிவுகளை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று உன் அம்மா போட்டுக் கொடுத்துவிட்டாள். கோபமில்லை. என் பேச்சைச் சாதாரண வேகத்தில் கேட்கிறவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் இல்லை. காகிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. நீ நடுவில் நிறுத்தி “இல்ல டாடி” என்று சொன்னால், உன் பேச்சுமேல் ஏறிப் பேச நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் மகனுக்குத் தகப்பன் சொல்லவேண்டியது இது இது என்று நம் சபையில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஹெப்சிபா பேச ஆரம்பித்தால், அவள் முடிக்கிறவரை வாயைத் திறக்காதே. இதை நான் சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கும். உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை, அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு வந்து, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டாள்.

இந்த வியாதி எனக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உன் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறது. தங்கச் சுரங்கத்தில் நான் டிரில்லிங் மெஷினில் இருந்தவன். மெஷின் ஓடும்போது பக்கத்து ஆள் வாயசைப்பதுதான் தெரியும். அது நிற்கிற அரை நிமிஷத்துக்குள் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட வேண்டும். அடுத்தவன் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தால் உன் முறை வராது. சுரங்கம் மூடியபிறகு பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். இருபது வருஷத்துக்குமேல் தினமும் ரயிலில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. எங்கள் பெட்டியில் எட்டுப் பேர் கும்பல். அதில் மூச்சு வாங்க நிறுத்துகிறவன் தோற்றான். அவன் கதையை வேறொருவன் பிடுங்கி முடித்துவிடுவான். சுரங்கத்தில் வந்த காய்ச்சல் ரயிலில் முற்றிவிட்டது.

இதனால் வீட்டில் நடந்த சேதங்களில் உனக்கு நினைவிருப்பது ஆடு விஷயமாகத்தான் இருக்கும். நீ ஆறாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து ஓடி வந்து, மூச்சிரைக்க, “டாடி, ஸ்கூல்ல உங்க…” என்றாய். அவ்வளவுதான் விட்டேன். ஸ்கூல்ல உங்களைக் கூப்பிடறாங்க என்றுதான் சொல்லப் போகிறாய், கணக்கில் தேறவில்லை என்று நானே முடிவு செய்து, உட்காரவைத்துப் பேசினேன். படிப்பின் அருமை, என் அப்பா பட்ட பாடு, பெங்களூர்ப் பிள்ளைகள் எல்லாம் எப்படிப் படிக்கிறார்கள் என்று அரை மணி நேரம். நீ இரண்டு தடவை கையைத் தூக்கினாய். நான் கையை இறக்கு என்றேன். கடைசியில் உன் அம்மா வந்து, “இன்னாடா சொல்ல வந்த?” என்று கேட்டாள். காலையில் நான் பள்ளிக்கு வந்து மறந்து விட்டுவிட்டுப் போன என் சைக்கிளின் சீட்டை ஒரு ஆடு தின்றுகொண்டிருக்கிறது என்று நீ சொன்னாய். நாம் போய்ச் சேர்ந்தபோது ஸ்பிரிங் மட்டும் இருந்தது. ஆடும் அங்கேதான் இருந்தது. கணக்கில் நீ எண்பது வாங்கியிருந்தாய்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஜப்பானில் நடந்ததை அப்படிச் சிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. ஒன்றரை வருஷமாக மனதுக்குள் வைத்திருக்கிறேன்; கல்யாணத்துக்கு முன் உனக்கு எழுதிவிட வேண்டும்.

நீ ஒசாகாவில் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் உன் அம்மாவுக்கும் டிக்கெட் அனுப்பினாய். ஊர் சுற்றிப் பார்க்கிற கும்பல் போகும் இடங்கள் வேண்டாம், பிவா என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது, அதைச் சுற்றி இருக்கும் கிராமங்களில் பத்து நாள் தங்கலாம், அங்கே மூங்கில் வேலை, மெழுகுவத்தி வேலை எல்லாம் செய்கிறார்கள், பார்க்கலாம் என்றாய். நல்ல யோசனை என்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ரயில் கும்பலில் இருந்த முனிரத்தினம் அதைக் கெடுத்தான். விஷயத்தைச் சொன்னதும் பீடியை அணைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “மூணு வருஷமா கூப்புடாத பையன் இப்போ டிக்கெட் எடுத்துக் கூப்புடறான்னா இன்னா அர்த்தம்? பொண்ணு பாத்து வச்சிகீறான். உங்களுக்குக் காட்டப் போறான்” என்றான். அதோடு நிற்கவில்லை. பிறக்கப்போகும் பேரன் ஜப்பான் பாஷையில் பேசுவான், நீ வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்றான். ஜப்பான்காரி மருமகளாக வருவதில் எனக்கு ஒன்றுமில்லை ஜோயல், சத்தியமாக. நான் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ற இடம்தான் என்னோடு ஜப்பான் வரை வந்தது.

அதனால், முதல் நாள் ஏரிக்கரையோரமாகப் போகும் ரயிலில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “டாடி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றபோது, எனக்கு அது என்னவென்று தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்த ஒன்றைக் காதில் வாங்காவிட்டால் அது நடக்காது என்று ஒரு அசட்டு நம்பிக்கை. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, இதைப் போய் ஏரி என்கிறார்களே, இது சமுத்திரம், நம் பேத்தமங்கலம் ஏரியைப் பார்த்த கண்ணுக்கு இதற்குக் கரையே தெரியவில்லையே என்று ஆரம்பித்து, பேத்தமங்கலத்திலிருந்து குழாய் போட்டுச் சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வரலாற்றை இறங்கும் ஸ்டேஷன் வரை சொன்னேன். நீ தலையாட்டிக்கொண்டே வந்தாய். உன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அடுத்த நாள் விசிறிக் குச்சி செய்கிற வீட்டுக்குக் கூட்டிப் போனாய். ஆற்றோரத்தில் இருந்த சின்னக் கிராமம். மூங்கிலை ஈர்க்கு ஈர்க்காகப் பிளந்து, செதுக்கி, ஒரு கட்டாக அடுக்கி, அடியில் துளைபோட்டு, பிறகு வெளியே தரையில் வட்ட வட்டமாக விரித்துக் காயவைத்திருந்தார்கள். வயலில் யாரோ நூறு சூரியனை வரைந்து வைத்தமாதிரி இருந்தது. நீ என் தோளைத் தொட்டு மறுபடி ஆரம்பித்தாய். நான் உடனே விசிறிக்காரர் பக்கம் திரும்பினேன். துளை போடுகிறாரே, என்ன டிரில், எத்தனை குச்சி ஒரே தடவையில், குச்சி வெடிக்காதா, நான் பதினைந்து வருஷம் பாறையில் துளை போட்டவன் என்று சொல்லு என்றேன். நீ மொழிபெயர்த்தாய். அவர் பதில் சொன்னார். அதை நீ முழுதாகச் சொல்வதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் உன்னைப் பாலமாகப் போட்டு மேலே நடந்தேன். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே உன்னிடம் ஏதோ கேட்டார். உங்களுக்கு இந்த வேலையில் நல்ல ஆர்வம் என்கிறார் என்று நீ சொன்னாய். உங்கள் அப்பா எப்போது மூச்சு விடுவார் என்றுதான் அவர் கேட்டார் என்று நீ உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய்; ஊருக்கு வந்தபிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மெழுகுவத்தி செய்யும் கடையில் இன்னும் மோசம். அங்கே வேலை செய்த பெண் உன்னைப் பார்த்துச் சிரித்தாள், நீ குனிந்து வணங்கினாய். அந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் அப்படித்தான் குனிகிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. இவள்தான் என்று முடிவு செய்தேன். உருகிய மெழுகைத் திரிமேல் கையாலேயே தடவித் தடவி அவள் வளர்த்துக்கொண்டிருந்தாள், அழகான வேலை. நான் அதைப் பார்க்கவில்லை. அவள் சமைப்பாளா, மாமியார் என்றால் எப்படி, கிறிஸ்தவ ஆராதனைக்கு வருவாளா என்று என் கண்ணுக்கு எட்டியமட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தேன். நாம் கிளம்பும்போது அவள் புருஷன் இரண்டு குழந்தைகளோடு அவளை அழைத்துப்போக வந்தான். எனக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதி ஒரு நிமிஷம்தான். அப்படியானால் வேறு யார் என்ற கவலை வந்துவிட்டது.

ஆறாம் நாள் தீவுக்குப் போனோம். ஏரிக்கு நடுவே மீன்பிடிக்கிறவர்கள் குடியிருக்கும் ஒகிஷிமா. அங்கே கார் கிடையாது. பாட்டிமார் எல்லாம் பின்னால் கூடை வைத்த மூன்று சக்கர சைக்கிளில் மார்க்கெட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓட்டிப் போகிறார்கள். உன் அம்மா கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெண்ணோடு உட்கார்ந்துவிட்டாள். இவளுக்குத் தமிழ், அவளுக்கு ஜப்பான் பாஷை, ஆனாலும் இரண்டு பேரும் முடிச்சுப் போடுவதைப்பற்றித் தெளிவாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நீயும் நானும் தனியாக ஆனோம். நீ என் எதிரில் வந்து நின்று, “டாடி, இன்னைக்காவது கேளுங்க” என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். அது கல்யாணச் செய்தி சொல்லும் முகமில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, இல்லை, தெரிந்துகொள்ள விரும்பவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி சைக்கிளிலிருந்து இறங்கினாள். இதை ஓட்டிப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டேன். அவள் தலையாட்டிய அடுத்த நொடி ஏறி மிதித்துவிட்டேன்.

மூன்று சக்கரம் என்றால் விழாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டு சக்கர சைக்கிளில் சாய்ந்து திருப்பிப் பழகிய உடம்புக்கு அது திரும்பவே மாட்டேன் என்கிறது. சந்து இறக்கமாக இருந்தது. நீ பின்னால் ஓடி வருவது கேட்டது. ஒரு வீட்டின் முள்ளங்கிப் பாத்தியை உரசி, மீன் பெட்டி அடுக்கியிருந்ததைத் தப்பித்து, கரையில் காயப்போட்டிருந்த வலைக்குள் நேராகப் போய் நுழைந்தேன். நல்லவேளை வலை இருந்தது, இல்லாவிட்டால் ஏரி. காதில் வலை, காலில் வலை, பாட்டியின் கூடையில் இருந்த வெங்காயம் கரை முழுக்க. வலைக்காரப் பெண்ணும் உன் அம்மாவும் வேலையை விட்டுவிட்டு வந்து என்னைப் பிரித்தெடுத்தார்கள். நீயும் அந்தப் பாட்டியும் வெங்காயம் பொறுக்கினீர்கள். பாட்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன், பார்த்தும் அந்த வலையின் நூல் எவ்வளவு உறுதி என்று பேச ஆரம்பித்தேன்.

அதற்கு மறுநாள்தான் ஹாரியே கிராமம். அந்த ஊரில் பூமியிலிருந்து ஊற்றுத் தண்ணீர் தானாக மேலே வருகிறது. ஒவ்வொரு வீட்டிலும் சமையலுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி. அதை அவர்கள் கபாத்தா என்கிறார்கள். உள்தொட்டியில் சுத்தமான தண்ணீர் பொங்குகிறது, அதில் தக்காளியும் வெள்ளரியும் மிதக்கவிட்டுக் குளிரவைக்கிறார்கள். அது வழிந்து வெளித்தொட்டிக்கு வருகிறது. அங்கே பெரிய பெரிய கெண்டை மீன்கள். சாப்பிட்ட பாத்திரத்தை உள்ளே வைத்தால் ஒட்டியிருக்கும் பருக்கையை எல்லாம் அவை தின்று சுத்தம் செய்துவிடுகின்றன. அந்தத் தண்ணீர் கால்வாயில் ஓடி ஏரிக்குப் போகிறது. நாம் தங்கிய வீட்டுக்கார அம்மாள் ஃபுமிகோ இதைக் காட்டி முடித்தபோது உன் அம்மா அந்தத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். நம் சுரங்க லைன் வீடுகளில் குழாய் திறக்கும் நாளுக்காக நீல டிரம்களை வரிசையாக வைத்துக் காத்திருக்கிறவள் அவள். “மூட மாட்டாங்களா இத?” என்று கேட்டாள். மூடுவதற்கு ஒன்றுமில்லை மம்மி, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று நீ சொன்னாய். அன்று முழுக்க அவள் ஒரு சொம்பைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஃபுமிகோ அம்மாள் சாப்பாடு போட்டாள். அந்த ஏரியின் மீனை உப்பிலும் சோற்றிலும் புதைத்து ஒரு வருஷத்துக்குமேல் புளிக்கவைப்பார்களாம், அவள் கையாலேயே மரத்தொட்டியில் போட்டதாம். மெல்லிய துண்டுகளாக நறுக்கி நடுவில் வைத்தாள். அந்த வாசனையை எப்படி எழுதுவது? கருவாட்டுக் கூடைக்குள் பழைய மோரை ஊற்றி மூடிவைத்து, நாற்பது நாள் நோன்பு முடிந்து திறந்தது போல. ஒரு துண்டை எடுத்து நுனியில் கடிக்க வேண்டும் என்று நீ சொல்ல வந்திருக்கிறாய். “டாடி, இது கொஞ்சம்…” என்றாய். நான்தான் யாரையும் முடிக்க விடுவதில்லையே. எங்க ஊர் கருவாடு சாப்பிட்டவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று சொல்லி, மூன்று துண்டைச் சேர்த்து எடுத்து வாயில் போட்டுவிட்டேன்.

அடுத்து நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். முதலில் நாக்கு செத்தது. பிறகு கண்ணில் நீர். விழுங்கலாம் என்றால் தொண்டை மறுத்தது, துப்பலாம் என்றால் எதிரில் ஃபுமிகோ அம்மாள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வருஷ உழைப்பு எப்படி இருக்கிறது என்று. மென்றேன். மெல்ல மெல்ல அது வளர்ந்தது. நீ என்னைப் பார்த்தாய். உன் அம்மாவைப் பார்த்தாய். அவள் உன்னைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்தாள். இப்போது சொல்லிவிடு என்று அர்த்தம். நீ சொன்னாய்.

“டாடி, கம்பெனில இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்டாங்க. நான் போடல. ஜூன்ல ஊருக்கு வந்துடறேன்.”

நான் மென்றுகொண்டிருந்தேன்.

“இங்க எனக்குப் பேசறதுக்கு ஆளே இல்ல டாடி. ஆபீஸ்ல வேலைய பத்தி பேசுவாங்க, அவ்ளோதான். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு போன் பண்றேன். நாப்பது நிமிஷம் நீங்க பேசறீங்க. அப்புறம் மம்மி சாப்டியான்னு கேக்கறாங்க, வச்சிடறீங்க. நான் எப்படிகீறேன்னு மூணு வருஷத்துல ஒரு தடவகூட சொல்ல முடியல. இத சொல்லத்தான் உங்கள இங்க வரவச்சேன். நேர்ல பாத்தா கேப்பீங்கன்னு நினைச்சேன்.”

அந்த மூன்று துண்டும் எப்படி உள்ளே போயிற்று என்று எனக்குத் தெரியாது. வாய் காலியானதும் ஒரு நல்ல வார்த்தை வந்திருக்கலாம். வரவில்லை. மூன்று வருஷமாக ரயிலிலும் சபையிலும் என் பிள்ளை ஜப்பானில் இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி நான் ஒரு இஞ்ச் வளர்ந்திருந்தேன். அந்த இஞ்ச்சுதான் பேசியது. “இன்னா கீது ஊர்ல? கம்பெனி கீதா, சுரங்கம் கீதா? எதுக்கு வர்ற?” என்று கேட்டேன்.

உன் அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “நாம கீறோம்.”

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கெண்டை மீன்களுக்குப் பக்கத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கொஞ்ச நேரம் கோபம்தான். அதற்குப் பிறகு அந்த நாற்பது நிமிஷங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். முனிரத்தினத்தின் மகளுக்கு வேலை கிடைத்தது, சபையில் ஒலிபெருக்கி ரிப்பேரானது, பங்காருப்பேட்டையில் என் வண்டி நின்ற கதை. உன் சாப்பாடு, உன் தூக்கம், உன் காய்ச்சல், ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை, ஏனென்றால் நான் கேட்டதே இல்லை. இதற்கு நடுவில் ஃபுமிகோ அம்மாள் மீன் ஒத்துக்கொள்ளாமல் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, வயிற்றுக்கு நல்லது என்று ஊறுகாய்போட்ட சிவப்புப் பழம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மீனைவிடப் புளிப்பு. மரியாதைக்காக அதையும் தின்றேன். அன்று எனக்கு அது வேண்டியதுதான்.

மறுநாள் காலை நீ பல் விளக்க வந்தபோது நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். “சொல்லு” என்றேன். எதை என்றாய். எல்லாத்தையும் என்றேன். நீ சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தாய். நீ பேசிய ஒரு மணி நேரமும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதற்குக் காரணம் பக்குவமில்லை. பேச வாய் திறக்கும்போதெல்லாம் தொட்டியில் மீனை எண்ணினேன். ஒன்பது மீன். எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்பது. அறைக்கு வந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்னால் டிவியைப் போடுவாய் என்றாய், குரல் கேட்கவேண்டும் என்பதற்காக. சோறு வெந்ததும் அந்த ஊர்க் குக்கர் ஒரு பாட்டுப் பாடுமாம், அதனிடம் “தோ வந்துட்டேன்” என்று தமிழில் பதில் சொல்வாயாம். ஒரு நாள் அது பாடாமல் போனபோது அழுகை வந்துவிட்டது என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. எண்ணினேன். ஒன்பது. என்னிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை மூன்று மாதமாக லிஃப்டில் ஒத்திகை பார்த்ததாகச் சொன்னபோது எண்ணிக்கை தப்பிவிட்டது. பெற்ற அப்பனிடம் பேச ஒரு பிள்ளை ஒத்திகை பார்க்கிறான் என்றால் அந்த அப்பன் என்ன பெரிய ஆள்?

நீ முடித்தபிறகு நான் சொன்னது ஒரே வார்த்தை. “வா” என்றேன். உன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். மீதி மூன்று நாளும் நீ பேசினாய், நாங்கள் கேட்டோம். நாணல் தட்டி முடைகிற ஊரில் நீ சொன்ன ஒரு ஜோக்குக்கு உன் அம்மா தண்ணீர் குடிக்க முடியாமல் இருமினாள். நீ ஜோக் சொல்வாய் என்பதே எனக்குத் தெரியாது.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஜூனில் வந்தாய். நான்கு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது ஊரில் பேசினார்கள். முனிரத்தினம் மட்டும் ஜப்பான்காரி எங்கே என்று கேட்டான். பெங்களூரில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டில் பெயர் எழுத்தைத் திருத்த ஒரு பிரமாணப் பத்திரம் போடக் கோலார் கோர்ட்டுக்குப் போன இடத்தில், அங்கே ஸ்டெனோவாக இருக்கும் ஹெப்சிபா, சுரங்கத்தை ஒட்டிய நம் கோரமண்டல் பகுதிப் பெண், உன் பெயரை மூன்று தடவை எழுத்துக்கூட்டிக் கேட்டிருக்கிறாள். நீ நான்காவது தடவையும் போய்ச் சொன்னாயாம். எதிரில் இருப்பவர் முற்றுப்புள்ளி வைக்கிறவரை குறுக்கே பேசாமல் கேட்பதே அவளுக்கு உத்தியோகம். நான் தேடியிருந்தாலும் உனக்கு இப்படி ஒருத்தி கிடைத்திருக்கமாட்டாள். ஆனால் வீட்டிலும் அவளே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று விட்டுவிடாதே. நாள் முழுக்கப் பிறர் பேச்சை எழுதிவிட்டு வருகிறவளுக்குச் சொந்தமாக நாலு வார்த்தை இருக்கும். அவள் சொல்வது உனக்குப் பிடிக்காததாக இருக்கும் என்று தோன்றும்போதுதான் உனக்கு வாய் துருதுருக்கும். அந்த நேரம் எதையாவது எண்ணு. உங்கள் வீட்டில் மீன் இல்லாவிட்டால் ஜன்னல் கம்பி இருக்கும்.

நான் குணமாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டிய ஒன்றை இப்போதுதான் எழுதுகிறேன், தைரியம் இல்லாமல். உன் கல்யாணப் பத்திரிகையைப் பற்றியது. ராபர்ட்சன்பேட்டை அச்சகத்துப் பையன் போன வாரம் போன் செய்து, “சார், டைம் ஒண்ணு…” என்றான். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, நானே படித்துப் பார்த்தேன், அடி என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆராதனை பத்தரைக்கு. பத்திரிகையில் ஒன்பதரை. பாதி ஊருக்குக் கொடுத்தும் முடித்துவிட்டேன். ஹெப்சிபாவின் அப்பாவிடம் நானே கோரமண்டல் வரை நடந்து போய்ச் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார். உன் அம்மா, நம் ஆட்கள் ஒன்பதரை என்றால் பத்தரைக்குத்தான் வருவார்கள், முதல் தடவையாக எல்லாரும் சரியான நேரத்துக்கு வருவார்கள், விடுங்கள் என்கிறாள். அது அவள் எனக்குக் கொடுத்த மன்னிப்பு. உன்னுடையதை நான் இன்னும் வாங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்கால வண்டிக்கு ஸ்டேஷனுக்கு வருகிறேன். திட்டவேண்டியதைப் பெட்டியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிடு. வீடு வரை நடக்க இருபது நிமிஷம் ஆகும். போதாவிட்டால் சுற்றுவழியாகப் போகலாம். நீயாக நிறுத்துகிறவரை நான் கேட்டுக்கொண்டே வருவேன்.

உன் டாடி